பெயர்ப் பிழையும் வாபஸ் மனுவும்

நியாயஸ்தலங்களில் வழக்குகள் தேங்கிக் கிடப்பதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. மாவட்ட அளவிலும் அதற்குக் கீழும் உள்ள நீதிமன்றங்களில் மட்டும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பதையும், நீதிபதி பதவிகள் காலியாகவே நீடிப்பதையும், வாய்தாவுக்கு மேல் வாய்தா போவதையும் பத்திரிகைகள் ஓயாமல் எடுத்துச் சொல்கின்றன. ஆனால் வருஷக் கணக்காக நடந்து, சாட்சி விசாரணை வரை வந்துவிட்ட ஒரு சிவில் வழக்கு, தீர்ப்பை எட்டாமலே வாபஸ் வாங்கப்பட்டு, அதே சொத்துக்காக, அதே மனிதரால், புதிய நம்பரோடு மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்கப்படுவதன் காரணத்தை விசாரிப்போர் குறைவு. அந்தக் காரணம் பல வழக்குகளில் பிராதின் முதற் பக்கத்திலேயே இருக்கிறது. சேர்க்க வேண்டியவரைச் சேர்க்காமலும், சேர்க்கத் தேவையில்லாதவரைச் சேர்த்தும், இறந்தவரை உயிரோடிருப்பவராகக் காட்டியும், சட்டப்படி வழக்காட முடியாத ஒரு பெயரில் வழக்கைப் போட்டும் வக்கீல் செய்துவிட்ட பிழையே அது.

பிழை வக்கீலுடையது, அதன் பலனை அநுபவிப்பவர் கட்சிக்காரர். இந்த அநியாயம் எப்படி நேர்கிறது, சட்டம் இதற்கு என்ன பரிகாரம் வைத்திருக்கிறது, வழக்கை வாபஸ் வாங்குவது எப்போது நன்மை, எப்போது நாசம் என்பவற்றைச் சாமானிய ஜனங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கிறது. ஏனெனில் நம் நாட்டில் சிவில் கோர்ட்டின் படியேறுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர், ஆயுளில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு நிலத்துக்காகவோ வீட்டுக்காகவோ கடனுக்காகவோ ஏறுகிறவர்கள்.

விடுபட்ட சகோதரிகள்

பாகப்பிரிவினை வழக்கை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். மூன்று பிள்ளைகள், இரண்டு பெண்கள். மூத்தவர் நிலம் முழுவதையும் தம் அநுபோகத்தில் வைத்துக்கொண்டு பங்கு தர மறுக்கவே, இளையவர் வக்கீலை நாடுகிறார். வக்கீல் குடும்ப விவரம் கேட்கும்போது, பெண்களுக்குச் சீர்செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கட்சிக்காரர் சொல்கிறார். வக்கீலும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, சகோதரர் இருவரை மட்டும் பிரதிவாதிகளாகக் காட்டிப் பிராதை எழுதிவிடுகிறார்.

வழக்கு நம்பராகிறது, எதிருரை தாக்கலாகிறது, எழுவினாக்கள், அதாவது கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள், வனையப்படுகின்றன, சில வருஷங்கள் கழிந்து வாதி கூண்டில் ஏறுகிறார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதற் கேள்வியாக, “உங்களுக்கு உடன்பிறந்த சகோதரிகள் உண்டா?” என்று கேட்கிறார். “இரண்டு பேர்” என்கிறார் வாதி. “இருவரும் உயிரோடிருக்கிறார்களா?” “இருக்கிறார்கள்.” “இந்த வழக்கில் அவர்கள் கட்சிக்காரர்களா?” வாதி தம் வக்கீலின் முகத்தைப் பார்க்கிறார். அந்த ஒரு கணத்தில், அதுவரை நடந்த வருஷங்கள் அத்தனையும் ஆட்டங்கண்டுவிடுகின்றன. பங்காளிகள் அனைவரையும் சேர்க்காமல் பாகம் பிரிக்க இயலாது என்பது பாகப்பிரிவினைச் சட்டத்தின் அடிப்படை.

தமிழ்நாட்டில் 1989-ஆம் வருஷத்துத் திருத்தமும், நாடு முழுவதற்குமாக 2005-ஆம் வருஷத்துத் திருத்தமும் குடும்பப் பூர்விகச் சொத்தில் பெண்மக்களுக்குப் பிறப்பால் வரும் பாத்தியதையை ஏற்படுத்தின. 2005-ல் தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியும் விட்டது. தகப்பனாரின் சுயார்ஜித சொத்திலோ 1956-லிருந்தே மகளும் மகனும் சமமான வாரிசுகள். இத்தனைக்குப் பிறகும் பெண்களின் பெயர் இல்லாத பாகப் பிராதுகள் எழுதப்படுகின்றன என்றால், அதை வெறும் தட்டச்சுப் பிழையென்று தள்ளிவிட முடியாது. கட்சிக்காரரின் மனத்தில் உள்ள பழைய எண்ணமும், அதைக் கேள்வி கேட்காத வக்கீலின் அசிரத்தையும் சேர்ந்து செய்யும் பிழை அது. சொத்தில் விடுபட்ட பெண்கள் பிராதிலும் விடுபடுகிறார்கள். கடைசியில் அந்த விடுபடலே வழக்கைக் கவிழ்க்கிறது.

வேறு சில வகைகள்

அரசாங்கத்தின் மீது தொடுக்கும் வழக்குகளில் இதே தவறு வேறு உருவத்தில் வருகிறது. பட்டா மாற்றித் தராத தாசில்தாரின் மீதோ, நிலத்தைப் புறம்போக்கென்று சொல்லும் வருவாய்க் கோட்ட அதிகாரியின் மீதோ கோபங்கொண்டு, அவரை மட்டும் பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்துவிடுகிறார்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 79-ஆம் பிரிவும் அரசியல் சாசனத்தின் 300-ஆம் ஷரத்தும், மாநில அரசின் மீதான வழக்கு மாநிலத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. இது வெறும் சம்பிரதாயமன்று என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அரசைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால், அவசர வழக்குகளில் கோர்ட்டு அனுமதித்தாலன்றி, 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸும் கொடுத்தாக வேண்டும்.

வியாபாரிகளுக்கு நேர்வது இன்னொரு விதம். ஒரே உரிமையாளர் நடத்தும் கடையின் மீது, கடையின் பெயரைப் போட்டு மற்றவர் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் அந்தக் கடை தன் பெயரிலேயே பிறர் மீது வழக்குத் தொடுக்க இயலாது, உரிமையாளர்தான் தொடுக்க வேண்டும். சிமெண்டும் கம்பியும் கடனுக்குக் கொடுத்துவிட்டுப் பணம் வராமல் தவிக்கும் வியாபாரி, பில்லில் உள்ள கடைப் பெயரையே வாதியாகப் போட்டு வழக்குத் தொடுத்தால், எதிராளி கடன் வாங்கியதை மறுக்காமலே, வாதி என்றொரு நபரே சட்டத்தில் இல்லை என்று வாதாடத் தொடங்கிவிடுகிறார்.

செக் மோசடி வழக்கில் கம்பெனியை விட்டுவிட்டு டைரக்டரை மட்டும் குற்றஞ்சாட்டப்பட்டவராகக் காட்டினால் அந்தப் புகார் நிற்காது என்பது 2012-லிருந்து உறுதிப்பட்ட விதி. அங்கே நோட்டீஸுக்கு 30 நாள், பணங்கட்ட 15 நாள், புகாருக்கு ஒரு மாதம் என்று கெடு மிகவும் குறுகலாக இருப்பதால், பிழையைக் கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும்.

பிழை மிகுதியாகச் சேர்ப்பதாலும் வரும். கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கில், ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தவரும், அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளும், பின்னால் அதே சொத்தை அவரிடம் கிரயம் வாங்கியவரும் இருந்தால் போதும். சொத்தே தன்னுடையது என்று தனியாகப் பாத்தியதை கொண்டாடுகிற அந்நியரை அதிலே இழுத்துவிட வேண்டியதில்லை என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2005-ல் தீர்ப்பாயிற்று. எதற்கும் இருக்கட்டுமென்று ஊரிலுள்ளோர் அனைவரையும் பிரதிவாதிகளாக்கும் வழக்கம், ஒவ்வொருவருக்கும் சம்மன் சார்வு செய்வதிலேயே வருஷங்களைத் தின்றுவிடுகிறது. அவர்களில் ஒருவர் இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டிய சுமையும் வாதியின் தலையில் விழுகிறது.

வாபஸ் வாங்குவது முதல் மருந்தன்று

பிழை கண்ணில் பட்டவுடன் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டு வேறு போடலாம் என்பதே பல வக்கீல்களுக்கு முதலில் தோன்றும் யோசனை. அது தேவையில்லாத சந்தர்ப்பங்கள் ஏராளம். 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைக் காட்டிலும் மிகுந்த தயை உடையது.

கட்சிகளைத் தவறாகச் சேர்த்ததனாலோ சேர்க்காமல் விட்டதனாலோ மட்டும் ஒரு வழக்கு தோற்கலாகாது என்று முதற் கட்டளையின் 9-ஆம் விதி சொல்கிறது. இன்றியமையாத கட்சி விடுபட்டிருந்தால் மட்டுமே அதற்கு விலக்கு. அடுத்த விதியான 10, வழக்கின் எந்தக் கட்டத்திலும் ஒருவரைச் சேர்க்கவும் நீக்கவும், நல்லெண்ணத்தோடு தவறான நபர் வாதியாகக் காட்டப்பட்டிருந்தால் சரியான நபரை அவரிடத்தில் வைக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் கொடுக்கிறது. எதிர்த்தரப்பும் இந்த ஆக்ஷேபணையை எழுவினாக்கள் வனையப்படுவதற்குள்ளாகவே கிளப்ப வேண்டும். தாமதித்தால் அதைக் கைவிட்டதாகவே கருதப்படும் என்கிறது 13-ஆம் விதி.

1969-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், மரம் சப்ளை செய்த வியாபாரக் குடும்பத்தின் சார்பில் வியாபாரப் பெயரிலேயே வழக்குத் தொடுக்கப்பட்டிருந்தது. பிழையைத் திருத்திக்கொள்ள அனுமதித்த உச்ச நீதிமன்றம், கட்சிக்காரருடைய கவனக் குறைவினாலோ, நடைமுறை விதியை மீறியதனாலோ மட்டும் அவருக்கு உரிய நியாயத்தை மறுத்துவிடக் கூடாது என்ற கொள்கையை ஸ்தாபித்தது. இறந்துபோனது தெரியாமல் ஒருவரைப் பிரதிவாதியாகக் காட்டிய வழக்கில்கூட, அவருடைய வாரிசுகளை 10-ஆம் விதியின் கீழ்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2017-ல் அதே நீதிமன்றம் வழிகாட்டியது.

ஆகவே மேலே சொன்ன பாக வழக்கில் செய்ய வேண்டியது, அந்தச் சகோதரிகள் இருவரையும் பிரதிவாதிகளாகச் சேர்க்க மறுநாளே ஓர் இடைமனு (ஐ.ஏ.) போடுவது. அதுவரை பதிவான சாட்சியம் கோப்பில் இருக்கும். புதிதாக வந்தவர்கள் தங்கள் வாதத்தைச் சொல்லவும், தேவையானால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் இடமளித்து வழக்கை மேலே நடத்தலாம். முழு வழக்கையும் வாபஸ் வாங்கிப் புதிதாகப் போட்டால், கோர்ட் கட்டணத்திலிருந்து சம்மன் வரை ஒவ்வொன்றையும் மறுபடியும் சுமக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷத்துக் குறைப்புக்குப் பிறகும் பண வழக்குக்கு நூற்றுக்கு 3 ரூபாய் கட்டணம். பத்து லட்சம் ரூபாய்க் கடனுக்கு முப்பதாயிரம் ரூபாய். அதை இரண்டாம் தரம் கட்ட எத்தனை குடும்பங்களுக்குச் சக்தி இருக்கிறது?

அனுமதியோடும் அனுமதியின்றியும்

சில வழக்குகள் திருத்தத்தால் நேராகாத அளவுக்குக் கோணியிருக்கும். வாதி, பிரதிவாதி, நோட்டீஸ், கேட்ட பரிகாரம் எல்லாமே தவறாக அமைந்து, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று சரியும் நிலையில், வாபஸ் வாங்குவதே உசிதம். அதற்குரிய இடம் 23-ஆம் கட்டளையின் முதல் விதி. அதில்தான் பெரிய ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

வாதி தம் வழக்கை எப்போது வேண்டுமானாலும் கைவிடலாம். பொதுவாக யாரும் தடுக்க முடியாது. ஆனால் அதே விஷயத்துக்காகப் புதிய வழக்குத் தொடுக்கும் உரிமையைக் கோர்ட்டிடம் முன்கூட்டியே கேட்டுப் பெறாமல் கைவிட்டால், பிறகு அந்த விஷயத்துக்காக அதே எதிரியின் மீது வழக்கே தொடுக்க முடியாது. எதிர்த்தரப்பின் செலவுத் தொகையையும் கொடுக்க நேரலாம். 1986-ல் உச்ச நீதிமன்றம் இந்தக் கொள்கையை உயர் நீதிமன்ற ரிட் மனுக்களுக்கும் விரித்துவிட்டது. ஒரு வாக்கியத்தின் பிசகால் ஒரு தலைமுறையின் சொத்துப் பாத்தியதை மூடிப்போகக் கூடும் என்பது மிகைப்படுத்திய பேச்சன்று.

நடைமுறையில் அந்த வாக்கியம் எழுதப்படும் விதத்தைப் பாருங்கள். வழக்கு கூப்பிடப்படுகிறது, கட்டு நீதிபதியின் மேஜையில் இருக்கிறது, வாதியின் வக்கீல் பிராதின் ஓரத்தில் ‘வழக்கு வாபஸ் பெறப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார், ‘வாபஸ் பெற்றதால் தள்ளுபடி’ என்று உத்தரவாகிறது. வராந்தாவில் காத்திருக்கும் கட்சிக்காரரிடம், வேறு புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். ‘புதிய வழக்குத் தொடுக்கும் உரிமையுடன்’ என்ற நான்கு சொற்கள் அந்த ஓரக் குறிப்பிலும் உத்தரவிலும் இல்லை என்பது, புதிய வழக்கில் எதிர்த்தரப்பு எழுந்து ஆக்ஷேபிக்கும்போதுதான் அவருக்குத் தெரியவருகிறது.

அனுமதி கேட்டால் கிடைக்குமா என்பதற்கு இரண்டு அளவுகோல்களைச் சட்டம் வைத்திருக்கிறது: வழக்கு ஏதேனும் வடிவக் குறைபாட்டால் தோற்றே தீரும் நிலையில் இருக்க வேண்டும், அல்லது வேறு போதிய காரணம் இருக்க வேண்டும். தவறான கட்சிச் சேர்க்கையை வடிவக் குறைபாடுகளில் ஒன்றாகவே உச்ச நீதிமன்றம் எண்ணியிருக்கிறது. ஆயினும் அனுமதி தானமாகக் கிடைப்பதன்று. தமிழ்நாட்டு வழக்கொன்றில், இரண்டாவது மேல்முறையீட்டுக் கட்டத்தில், காரணங்களைச் சரியாக ஆராயாமல் கொடுக்கப்பட்ட வாபஸ் அனுமதியை 2000-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எதிர்த்தரப்பு ஜயித்துப் பெற்ற பலனை, வாபஸ் என்ற பெயரால் பறித்துவிடக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. அது சரியான நியாயமே. பிழை எவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளப்படுகிறதோ அவ்வளவுக்கு அனுமதி சுலபம்; குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொண்ட பிறகு கேட்டால், பலவீனத்தை மறைக்கும் தந்திரமாகவே அது நீதிபதிக்குத் தோன்றும்.

ஓடிக்கொண்டே இருக்கும் காலக்கெடு

அனுமதி பெற்றுவிட்டால் எல்லாம் சுபம் என்று நினைப்பது இரண்டாவது பெரிய மயக்கம். முதல் வழக்கே தொடுக்கப்படாததைப் போலக் கருதி, புதிய வழக்குக்குக் காலவரையறையைக் கணக்கிட வேண்டும் என்று 23-ஆம் கட்டளையின் 2-ஆம் விதி கண்டிப்பாகச் சொல்கிறது. கடன் பணம், கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலை, கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றுதல் ஆகியவற்றுக்கு மூன்று வருஷம்தான் கெடு. முதல் வழக்கு நாலு வருஷம் நடந்திருந்தால், வாபஸ் வாங்கும் நாளிலேயே புதிய வழக்கின் ஆயுளும் முடிந்துவிட்டிருக்கும்! சுவாதீனம் கோரும் வழக்குக்குப் பன்னிரண்டு வருஷம் இருப்பதால் அங்கே கொஞ்சம் மூச்சுவிட இடமுண்டு.

இந்தக் கண்டிப்புக்குக் காலவரையறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. அதிகார வரம்பில்லாத கோர்ட்டிலோ, அதைப் போன்ற வேறு குறைபாட்டினாலோ நல்லெண்ணத்தோடும் உரிய சிரத்தையோடும் வீணாகக் கழிந்த காலத்தைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அனுமதியோடு வாபஸ் வாங்கிய வழக்குக்கும் இது பொருந்தும். ‘அதைப் போன்ற குறைபாடு’ என்பதில் தவறான கட்சிச் சேர்க்கையும் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே கூறுகிறது. சேர்க்கக் கூடாதவரைச் சேர்த்ததற்கு இவ்வாறு வெளிப்படையான பாதுகாப்பு இருக்க, சேர்க்க வேண்டியவரை விட்டதற்கு அந்த விளக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. சாமானிய மனிதரைப் பெரும்பாலும் கொல்வதோ இரண்டாவது பிழைதான்.

அதனால்தான் வாபஸைவிடப் புதிய கட்சியைச் சேர்ப்பதே மேல் என்று சொல்கிறேன். சேர்க்கப்பட்டவரைப் பொறுத்தவரை, அவர் சேர்ந்த நாளில்தான் வழக்குத் தொடங்கியதாகக் கருதப்படும் என்றாலும், நல்லெண்ணத்தோடு நேர்ந்த பிழையால் அவர் விடுபட்டார் என்று தெரிந்தால், முந்திய தேதியையே எடுத்துக்கொள்ளும்படி உத்தரவிட 21-ஆம் பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் கொடுக்கிறது. வாபஸ் வாங்கிவிட்டால் இந்தச் சலுகையும் கைவிட்டுப் போகிறது.

பொறுப்பு யாருடையது?

1981-ல், தம் வக்கீல் விசாரணைக்கு வராததால் மேல்முறையீட்டை இழந்த ஒரு கிராமத்து மனிதரின் வழக்கில், வக்கீலை அமர்த்திக் கட்டணமும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன கட்சிக்காரர் வக்கீலின் குற்றத்துக்காகத் தண்டனை அடையலாகாது என்று தீர்மானித்த உச்ச நீதிமன்றம், செலவுத் தொகையை வராமலிருந்த வக்கீலே கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பின்னர் 1993-ல், எல்லாப் பழியையும் வக்கீலின் மீது போட்டுவிட்டுத் தப்பிக்கும் பெரிய கம்பெனிகளுக்கு இந்தச் சலுகை பொருந்தாது என்றும் அது எச்சரித்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமானவையல்ல. படிப்பறிவும் சாதனமும் உள்ளவரிடம் எதிர்பார்க்கும் சிரத்தையை, கைநாட்டு வைக்கும் விவசாயியிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பதே அவற்றின் சாரம்.

2024 மே மாதம், வக்கீல்களின் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், கட்சிக்காரருக்குப் போக்கிடமே இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. தொழிலில் அசிரத்தையால் விளைந்த நஷ்டத்துக்கு வக்கீல் மீது சிவில் வழக்குத் தொடுக்கலாம் என்பதை 1926-ஆம் வருஷத்து வக்கீல் கட்டணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு உறுதிப்படுத்துகிறது. ஒழுங்கு நடவடிக்கைக்கு பார் கவுன்சில் இருக்கிறது. ஆனால் ஒரு வழக்கை இழந்து நொந்தவரிடம், வக்கீல் மீது இன்னொரு வழக்குப் போடு என்று சொல்வது எவ்வளவு தூரம் பிரயோஜனப்படும்?

வக்கீல்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் என் நோக்கமன்று. ஒரு நாளில் பல கோர்ட்டுகளுக்கு ஓடும் மனிதருக்கு, குமாஸ்தா பழைய பிராதை வைத்து அடித்துக்கொடுத்த முதற் பக்கத்தில் பிழை நேர்வது சகஜம். பிழையை மறைப்பதுதான் சகிக்க முடியாதது. ‘இது என் தவறு, கட்சிக்காரருடையதன்று’ என்று தம் சொந்தப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்துத் திருத்தம் கேட்கும் வக்கீலை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நீதிபதிகளும் அப்படியே மதிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, மைனர்களுக்காகச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு காவலை மற்றவர்களுக்கும் விரிக்க வேண்டும். மைனரின் வழக்கைக் கைவிட அனுமதி கேட்டால், மைனருக்காக வழக்கை நடத்துபவரின் பிரமாணப் பத்திரமும், இது மைனரின் நன்மைக்கே என்ற வக்கீலின் சான்றும் வேண்டும் என்று 23-ஆம் கட்டளை விதிக்கிறது. வயதுவந்த வாதிகளின் விஷயத்திலும், ஓரக் குறிப்பை மட்டும் நம்பி வழக்கைத் தள்ளாமல், வாதியின் பிரமாணப் பத்திரத்தோடு கூடிய மனுவின் மேல்தான் வாபஸ் உத்தரவு பிறக்க வேண்டும். புதிய வழக்குத் தொடுக்கும் உத்தேசம் உண்டா, அதற்குக் கெடு மீதியிருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் நீதிபதி தமிழிலேயே வாதியிடம் நேரில் கேட்கலாம். அனுமதி கொடுக்க இயலாது என்று கண்டால், மனுவைத் தள்ளி வழக்கை மேலே நடத்த வேண்டுமே தவிர, வாபஸை ஏற்று அனுமதியை மட்டும் மறுப்பது தர்மமாகாது.

பிராது நம்பராவதற்கு முன் கோர்ட் அலுவலகம் செய்யும் பரிசீலனையில், கோர்ட் கட்டணத்தையும் முத்திரையையும் பார்க்கும் அதே கண்கள் கட்சிகளின் பட்டியலையும் பார்க்க வேண்டும். பாக வழக்கென்றால் வம்சாவளி விவரமும் வாரிசுச் சான்றும், கிரய ஒப்பந்த வழக்கென்றால் சமீபத்திய வில்லங்கச் சான்றும், அரசின் மீதான வழக்கென்றால் 79-ஆம் பிரிவுப்படி பெயரும் இருக்கின்றனவா என்று கேட்டு, இல்லையானால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம். மின்வழித் தாக்கல் வந்துவிட்ட இக்காலத்தில் இது மேலும் அவசியம். ஒரு முறை தவறாக ஏறிய பெயர், சம்மனிலும் தீர்ப்பாணையிலும் நிறைவேற்று மனுவிலும் அப்படியே பிரதியாகிக்கொண்டு போகிறது. சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கையால் இதைச் செய்ய முடியும்.

மாநில அரசு செய்ய வேண்டியது கட்டணத்தைப் பற்றியது. 1955-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கோர்ட் கட்டணச் சட்டத்தைத் திருத்தி, எழுவினாக்கள் வனையப்படுமுன் கட்சிச் சேர்க்கைக் குறைபாட்டுக்காக அனுமதியோடு வாபஸ் வாங்கப்படும் வழக்கின் கட்டணத்தைப் புதிய வழக்கில் வரவு வைக்கலாம். கஜானாவுக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது. பிழையைச் சீக்கிரம் ஒப்புக்கொள்ளும் தைரியம் வரும். பாராளுமன்றம் செய்ய வேண்டியதோ ஒரே ஒரு வரி: 14-ஆம் பிரிவின் விளக்கத்தில் தவறான சேர்க்கையோடு, நல்லெண்ணத்தில் நேர்ந்த விடுபடலையும் சேர்த்துவிட வேண்டும்.

வழக்குத் தொடுத்திருக்கும் வாசகர்கள் இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பிராதின் நகலை வக்கீலிடம் கேட்டு வாங்குங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று, உங்கள் உரிமை. முதற் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பெயரையும், தகப்பன் பெயரையும், கதவிலக்கத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர் வீட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சொத்தில் பங்குள்ளவர் யாராவது விடுபட்டிருக்கிறார்களா, இறந்துபோனவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வக்கீலிடம் குடும்ப விவரம் சொல்லும்போது கட்டிக்கொடுத்த பெண்களை மறைக்காதீர்கள். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் இலக்கமும் கலந்து 16 குறிகள் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு, இ-கோர்ட்ஸ் தளத்தில் அதைக் கொடுத்தால் கட்சிகளின் பெயரும் அடுத்த வாய்தாவும் கட்டணமின்றித் தெரியும். வாபஸ் என்ற பேச்சு வந்தால், புதிய வழக்குக்கு அனுமதி எழுத்தில் கேட்கப்பட்டிருக்கிறதா, கெடு என்று முடிகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். சந்தேகம் தீரவில்லையென்றால், ஒவ்வொரு தாலுகா கோர்ட்டிலும் உள்ள இலவச சட்ட உதவி மையத்தையோ, 15100 என்ற தொலைபேசி எண்ணையோ அன்றே அணுகுங்கள்.